அம்மாவின் கைக்கு ஒரு கத்தி

அரிவாள்மனையில் கத்தி அசையாது, காய்தான் போகும். அம்மா ஒரு காலை மடக்கிப் பலகையின் மேல் அழுத்திக்கொண்டு, இரண்டு கையாலும் காயைப் பிடித்து அலகின் மேல் தள்ளுவார். வெங்காயம், வாழைக்காய், கீரை, மீன் எல்லாமே அப்படித்தான். நாற்பத்தைந்து வருடம் அந்தப் பலகையில் உட்கார்ந்தவர். போன வருடம் முழங்கால் தேய்ந்துவிட்டது. இனித் தரையில் உட்காரவே கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். சரி, நின்றபடி நறுக்கட்டும் என்று ஒரு மரப்பலகையும் எவர்சில்வர் கத்தியும் வாங்கிக் கொடுத்தேன்.

அந்தக் கத்தி தக்காளித் தோலில் வழுக்கியது. ஒரே மாதத்தில் அம்மாவின் இடது கட்டைவிரலில் இரண்டு வெட்டு. "எனக்குத்தான் கண்ணு பழக்கமில்ல" என்றார். பழக்கமின்மை பாதி, கத்தி பாதி. பிளாஸ்டிக் பிடி அவர் கைக்குச் சின்னது. அலகு மெலிசு, ஆனால் கூர் நிற்காது. சாணை பிடித்தால் நாலு நாள், மறுபடி மழுங்கிவிடும். அரிவாள்மனையில் உடம்பின் கனம் முழுக்க பலகையில் இருந்தது, விரல்களுக்குக் காயைத் தள்ளுகிற வேலை மட்டும்தான். இப்போது அதே விரல்கள் கத்தியையும் பிடிக்க வேண்டும், அழுத்தவும் வேண்டும். கூர் இல்லாத கத்தியைத்தான் அழுத்த வேண்டியிருக்கிறது. அழுத்தும்போதுதான் வழுக்குகிறது.

அந்த அரிவாள்மனையை அடித்துக் கொடுத்தது எங்கள் ஊர் ஆசாரி தாத்தா. பர்கூர் போகும் பாதையில், ஒரு பெரிய புளியமரத்தடியில் அவருடைய கொல்லுப்பட்டறை இருந்தது. கொடுவாள், களைக்கொத்து, கதிர் அரிவாள், ஏர்க் கொழு எல்லாம் அங்கேதான் காய்ந்து, அடிபட்டு வெளியே வரும். ஊருக்குப் போக மிஞ்சியதை போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு எடுத்துப் போவார். சாலையை அகலப்படுத்தியபோது மரம் போயிற்று, பட்டறையும் போயிற்று. பையன்கள் இரண்டு பேரும் ஓசூரில் வேலையில் இருக்கிறார்கள்.

அவரிடம் போய் அம்மாவுக்கு ஒரு கத்தி அடித்துத் தர முடியுமா என்று கேட்டேன். வலது தோளைத் தூக்கிக் காட்டினார். காதுக்கு மேல் கை போகவில்லை.

"சம்மட்டி தூக்க முடியாது தம்பி. நீயே பண்ணு."

"எனக்கு அடிக்கத் தெரியாதே தாத்தா."

"எதுக்கு அடிக்கிற? நல்ல எஃகுத் தகடு கெடச்சா அராவியே பண்ணிடலாம். தீயில ஒரே ஒரு வேலதான். அத மட்டும் என்னக் கேட்டுச் செய்."

அராவிச் செய்யலாம் என்பது எனக்குப் புதுச் செய்தி. கத்தி என்றால் உலை, துருத்தி, சம்மட்டி, பட்டடை என்றே நினைத்திருந்தேன். யோசித்துப் பார்த்தால் நியாயம்தான். சம்மட்டியின் வேலை உருவம் கொடுப்பது. தகடு ஏற்கனவே தட்டையாக, வேண்டிய கனத்தில் இருந்தால், வேண்டாததை எடுத்துவிட்டால் மிச்சமிருப்பது கத்தி. அதற்கு ஹாக்ஸா, இரண்டு அரம், ஒரு டிரில்லிங் மெஷின், இரண்டு சி கிளாம்ப், உப்புத்தாள், இவ்வளவு போதும். டிரில்லிங் மெஷினைக்கூட நான் இரவல்தான் வாங்கினேன்.

இரும்பு எங்கள் பக்கத்துக்கு நேற்று வந்ததில்லை. பர்கூரிலிருந்து அதிக தூரமில்லாத மயிலாடும்பாறையில் தொல்லியல் துறை தோண்டிய இடத்தில் இரும்பு கிடைத்த மண்ணடுக்கின் காலம் கி.மு. 2172 என்று 2022இல் சட்டசபையில் அறிவித்தார்கள். 2025இல் தூத்துக்குடிப் பக்கம் சிவகளையிலிருந்து அதற்கும் முந்தைய காலக்கணக்கு வந்தது. எது முந்தியது என்பது ஆய்வாளர்களின் வேலை. எனக்கு மயிலாடும்பாறைச் செய்தி வேறு விதத்தில் ஒட்டிக்கொண்டது. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அந்தப் பாறைகளில் ஏறி விளையாடியிருக்கிறோம். நாலாயிரம் வருடத்துக்கு முன்னால் அங்கே யாரோ ஒருவர் இரும்பைச் சூடு பண்ணி, நிறம் பார்த்து நின்றிருக்கிறார். இந்தக் கத்தி வேலையில் பயம் வந்தபோதெல்லாம் அந்த ஆளை நினைத்துக்கொண்டேன்.

முதலில் செய்த தப்பு, தகட்டில். ஹார்டுவேர் கடையில் எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) பட்டை ஒன்று வாங்கி, இரண்டு வாரம் அராவி, அழகாக ஒரு கத்தி உருவம் கொண்டுவந்தேன். தாத்தா கையில் வாங்கினார், ஒரு பழைய அரத்தை அதன் வாயில், அதாவது வெட்டுகிற ஓரத்தில், ஒரு இழுப்பு இழுத்தார். அரம் வெண்ணெயில் போவதுபோலப் போயிற்று. "இத எவ்வளவு காச்சினாலும் கெட்டிப்படாது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

காரணம் கரிதான், அதாவது கார்பன். இரும்போடு கொஞ்சம் கரி சேர்ந்தால்தான் எஃகு. எம்.எஸ். என்கிற மெல்லிரும்பில் கரி நூற்றுக்கு கால் பங்கு, பெரும்பாலும் அதற்கும் குறைவு. கேட்டுக்கும் ஜன்னல் கம்பிக்கும் அது நல்ல இரும்பு, வளையும், உடையாது. ஆனால் நெருப்பில் காய்ச்சி எண்ணெயில் தோய்த்தால் கத்திக்குப் போதுமான கடினம் அதற்கு வராது. கத்திக்கு நூற்றில் அரைப் பங்குக்கு மேலாவது கரி வேண்டும். லாரி பட்டாவில், அதாவது லாரிக்கு அடியில் இருக்கிற ஸ்பிரிங் தகட்டில், ஏறக்குறைய அவ்வளவு இருக்கிறது, அதனால்தான் இன்று சந்தையில் கிடைக்கும் கொடுவாளில் பலவும் லாரி பட்டாவிலிருந்து வருகிறது. நல்ல அரத்தில் ஒரு பங்குக்கும் மேலே. பட்டா சமையல் கத்திக்கு ரொம்பக் கனம், அராவி முடியாது. பழைய அரத்திலிருந்து செய்வதானால் அதன் பல்லை முழுக்க எடுக்க வேண்டும், ஒரு பல் தடம் மிச்சமிருந்தாலும் அங்கேதான் விரிசல் விழும்.

எனக்கு வழி காட்டியது ஒரு மரமில். மாம்பழப் பெட்டி அடிக்க மாமரம் அறுக்கிற மில் அது. மூலையில் தேய்ந்த வட்ட ரம்பம் ஒன்று கிடந்தது. பல் தனியாக ஒட்ட வைத்த புது வகை கிடையாது, தகட்டிலேயே பல் வெட்டிய பழைய வகை. கனம் இரண்டரை மில்லி. இருநூறு ரூபாய்க்குக் கொடுத்தார்கள். வெல்டிங் பட்டறையில் கொடுத்து இரண்டு அங்குல அகலத்துக்குப் பட்டைகளாக வெட்டி வாங்கினேன்.

இந்தத் தடவை அவசரப்படவில்லை. ஓரத்தில் இரண்டு விரல் அகலத் துண்டு ஒன்றை எடுத்து, செக்கச் செவேலென்று காய்ச்சி எண்ணெயில் போட்டேன். ஆறியதும் அரத்தை இழுத்தால் கண்ணாடியில் இழுத்ததுபோல வழுக்கிக்கொண்டு போயிற்று, ஒரு கீறல்கூட விழவில்லை. அப்புறம் அதை வைஸில் பிடித்து, மேலே கனமான துணியைப் போர்த்தி, கண்ணாடி மாட்டிக்கொண்டு சுத்தியால் ஒரு தட்டு. பட்டென்று உடைந்தது. உடைந்த வாயில் மணி மணியாக மினுங்கினால் சூடு அதிகமாகிவிட்டது என்று பொருள். எனக்கு நுணுக்கமாக, மங்கிய சாம்பல் நிறத்தில் இருந்தது. இந்த அரை மணி நேர வேலையை முதலிலேயே செய்திருந்தால் இரண்டு வாரம் மிஞ்சியிருக்கும். பழைய இரும்புக் கடையிலிருந்து எதை எடுத்து வந்தாலும் முதலில் ஒரு துண்டை இப்படிச் சோதித்துவிடுங்கள்.

உருவத்தை அட்டையில்தான் முதலில் செய்தேன். ஒரு கல்யாணப் பத்திரிகையின் தடித்த அட்டையை வெட்டி அம்மா கையில் கொடுத்து, "வெங்காயம் நறுக்கற மாதிரி பண்ணுங்கம்மா" என்றேன். பலகைக்கு முன்னால் நின்று வெறுங்காற்றை நறுக்கினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவர் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று விஷயம் தெரிந்தது. அவர் கத்தியை மேலிருந்து கீழே அழுத்தவில்லை, தன் பக்கமாக இழுக்கிறார். ஆள்காட்டி விரல் பிடியில் நிற்காமல் அலகின் முதுகின்மேல் போய் உட்கார்ந்துகொள்கிறது. பிடியைப் பிடித்த விரல்முட்டிகள் பலகையில் இடிக்கின்றன. ஆக, அலகு பிடியைவிட ஒரு விரல் அகலமாவது கீழே இறங்கியிருக்க வேண்டும். வாய் நேராக இருக்கக் கூடாது, இழுப்புக்கு ஏற்ற மாதிரி லேசான வளைவு வேண்டும். ஐந்தாவது அட்டையில்தான் "இது பரவாயில்ல" என்றார்.

அலகு ஐந்தரை அங்குலம், பிடி நாலரை அங்குலம், அலகின் அகலம் ஒன்றரை அங்குலம். அளவு என்றதும் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஆயுதச் சட்ட விதிகளில் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்தி ஆயுதக் கணக்கில் வரும். வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் என்று செய்ததை அதிலிருந்து விலக்கியிருக்கிறார்கள். இருந்தாலும் முதல் கத்தியைச் சின்னதாகவே செய்யுங்கள். சின்ன கத்தியைச் சீராகக் காய்ச்சுவது சுலபம்.

ரம்பத் தகடு ஏற்கனவே ஓரளவு கெட்டிப்படுத்தப்பட்டது, அரம் சரியாகப் பிடிக்காது. அதனால் முதலில் அதை மென்மையாக்க வேண்டும். சிவக்கக் காய்ச்சி, அடுப்புச் சாம்பல் நிறைந்த தகர டப்பாவில் புதைத்துவிட்டேன். காலையில் எடுத்தபோது இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. எவ்வளவு மெதுவாக ஆறுகிறதோ அவ்வளவு மெத்தென்று ஆகும். அதற்கப்புறம் ஹாக்ஸா தாராளமாகப் போயிற்று.

அராவுவதைப் பற்றி நிறையச் சொல்லலாம். பதினோரு சாயங்காலம் அதில்தான் போயிற்று. திண்ணை ஓரத்தில் ஒரு பலகையைக் கிளாம்ப் போட்டுப் பிடித்து, அதன்மேல் கத்தியை இன்னொரு கிளாம்பால் பிடித்து, நின்றுகொண்டு அராவினேன். அரம் முன்னால் போகும்போதுதான் வெட்டும். திரும்பி வரும்போது தூக்கிவிட வேண்டும், தேய்த்துக்கொண்டே இழுத்தால் பல் மழுங்கிப் போகும். பல்லுக்கு நடுவில் இரும்புத்தூள் அடைத்துக்கொண்டால் அதுவே கத்தியில் ஆழமாகக் கோடு போடும். அரத்தில் சாக்பீஸைத் தேய்த்துக்கொண்டால் அடைப்பு குறைகிறது. கை மட்டும் அராவினால் தோள் போய்விடும். இடுப்பிலிருந்து சாய்ந்து, காலை மாற்றி மாற்றி ஊன்றி, உடம்போடு தள்ள வேண்டும். மூன்றாம் நாள்தான் எனக்கு அது பிடிபட்டது. அரிவாள்மனையில் அம்மா உட்கார்ந்திருந்த விதமும் இதுவேதான் என்று அப்போது புரிந்தது. வேலை செய்தது அவருடைய முழு உடம்பு.

வாயின் நடுவில் ஒரு கோடு வேண்டும், இரண்டு பக்கச் சரிவும் அங்கே வந்து சேர. நான் வேலை செய்வது கிரானைட் தொழிற்சாலையில், கணக்கு எழுதுகிறேன். பாலிஷ் போட்ட கருங்கல் துண்டு ஒன்று அங்கேயே கேட்டு வாங்கினேன். கழிவில் போகிற துண்டுதான், ஆனால் அதைவிடச் சமமான பரப்பு வீட்டில் வேறெதுவும் கிடையாது. கத்தியை அதன்மேல் படுக்க வைத்து, அதே இரண்டரை மில்லி கனமுள்ள டிரில் பிட்டையும் பக்கத்தில் படுக்க வைத்து, பிட்டின் முனையால் வாயை உரசிக்கொண்டே போனால் நட்ட நடுவில் கோடு விழுகிறது. முதலில் வாயை மார்க்கர் பேனாவால் கறுப்பாக்கிக்கொண்டால் கோடு பளிச்சென்று தெரியும். சரிவிலும் மார்க்கர் பூசி அராவினால், எங்கே கறுப்பு மிச்சமிருக்கிறதோ அங்கே அரம் தொடவில்லை என்று தெரிந்துவிடும். கடைசியில் அரத்தைக் குறுக்கே இரண்டு கையாலும் பிடித்து, பிடியிலிருந்து முனைவரை நீளவாக்கில் இழுத்தால் பரப்பு வழவழப்பாகிறது.

வாயை இந்தக் கட்டத்தில் கூராக்கக் கூடாது. ஒரு மில்லி கனமாவது விட வேண்டும். மெலிசாக இருந்தால் தீயில் அது முதலில் வெந்துபோகும், எண்ணெயில் இறங்கும்போது நெளியும், விரிசலும் விடும். பிடிக்கு ஆணி போகிற ஓட்டைகளையும் இப்போதே போட்டுவிட வேண்டும். நான் 5 மில்லியில் மூன்று போட்டேன்.

அடுத்தது தீ. கொல்லையில் ஒன்றரை அடி நீளத்துக்கு ஒரு சாண் ஆழத்தில் குழி வெட்டி, செங்கல் வைத்துக் களிமண் பூசினேன். அடியில் வரிசையாக ஓட்டை போட்ட ஒரு இரும்புக் குழாய். குழாய் துத்தநாகம் பூசியதாக இருக்கக் கூடாது, சூட்டில் வருகிற புகை நெஞ்சுக்கு ஆகாது. குழாயின் ஒரு முனையை அடைத்து, மறுமுனையில் அக்காவின் ஹேர் டிரையரை வைத்தேன். துருத்திக்குப் பதில் அது. கரி வேலிகாத்தான் கரி. எங்கள் பக்கம் மூட்டை மூட்டையாகக் கிடைக்கிறது, நல்ல சூடு தரும்.

இதைச் செய்வதற்கு முதல் நாள் தாத்தாவை வண்டியில் வைத்து வீட்டுக்குக் கூட்டிவந்தேன். நான் காலையில் ஆரம்பிக்கலாம் என்றிருந்தேன். "வெயில்ல நின்னு நெறம் பாக்காத தம்பி. பொழுது சாயட்டும்" என்றார். பட்டறைகள் ஏன் எப்போதும் இருட்டாக இருந்தன என்று சின்ன வயதில் நினைத்ததுண்டு. கரி பிடித்த சுவர் என்று விட்டுவிட்டேன். இரும்பின் நிறத்தைப் பார்ப்பதற்கு அந்த இருட்டு வேண்டியிருக்கிறது. வெயிலில் மங்கலாகத் தெரிகிற சிவப்பு உண்மையில் ரொம்ப அதிகச் சூடு.

நான் காந்தம் ஒன்றை கம்பியில் கட்டி வைத்திருந்தேன். இரும்பு ஏறக்குறைய 770 டிகிரியைத் தாண்டினால் காந்தம் ஒட்டாது. எண்ணெயில் தோய்ப்பதற்கு அதற்குக் கொஞ்சம் மேலே போக வேண்டும், எங்கள் எஃகுக்கு 800க்குச் சற்று மேலே. சமையல் உப்பு உருகுவது 801 டிகிரியில், அதனால் அலகின்மேல் இரண்டு கல் உப்பைப் போட்டு, அது தண்ணீராக உருகுகிறதா என்றும் பார்க்கலாம். தாத்தா இரண்டையும் கவனமாகக் கேட்டுக்கொண்டார். அப்புறம் அவர் பார்க்கிற வழியைச் சொன்னார்.

"செவக்கும்போது உள்ள ஒரு நெழல் ஓடும். மேகம் மாதிரி. அது முழுக்கக் கரையட்டும், அப்பறம் எடு."

கத்தியை முதுகு கீழாக, வாய் மேலாக வைத்தேன். மெலிசான வாய் நேராகத் தணலில் பட்டால் அதுதான் முதலில் எரியும். முன்னும் பின்னுமாக நகர்த்திக்கொண்டே இருந்தேன், இல்லாவிட்டால் ஹேர் டிரையர் காற்று வருகிற இடம் மட்டும் வெளுத்துப்போகும். முதலில் மங்கிய சிவப்பு, காய்ந்த மிளகாய் நிறம். கொஞ்ச நேரத்தில் அது தெரிந்தது. வெளிச்சமான அலகுக்குள் கறுப்பாக ஒன்று, வாயிலிருந்து முதுகுப் பக்கமாக மெல்ல நகர்ந்தது. வெளியே சூடு ஏறிக்கொண்டிருக்க, உள்ளே ஒரு பகுதி மட்டும் இருண்டு நிற்கிறது. அப்புறம் அந்த இருட்டு சுருங்கிச் சுருங்கி முதுகோரத்தில் மறைந்தது. அலகு முழுக்க ஒரே நிறம்.

எவ்வளவு படித்திருந்தாலும் அதைக் கண்ணால் பார்த்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை. அந்த இடத்தில் இரும்பின் அணுக்கள் வேறு அடுக்குக்கு மாறுகின்றன. அந்த மாற்றமே சூட்டைக் குடிப்பதால் அந்தப் பகுதி சற்று நேரம் மங்கித் தெரிகிறது. மாறிய அடுக்கில் கரி தாராளமாகக் கரைந்து பரவுகிறது. அந்த நிலையில் சட்டென்று குளிரவைத்தால் வெளியேற நேரமில்லாமல் கரி அங்கேயே சிக்கிக்கொள்கிறது, அடுக்கு இறுகி நின்றுவிடுகிறது. கத்தியின் கடினம் முழுக்க அதுதான். மெதுவாக ஆறினால் எல்லாம் பழையபடி மெத்தென்று திரும்பிவிடும், சாம்பலில் புதைத்தபோது நடந்ததுபோல. ஒரே எஃகு, ஒரே சூடு, ஆறுகிற வேகம்தான் வித்தியாசம். நெருப்பிலிருந்து எடுத்தால் இரண்டு நொடிக்குள் எண்ணெயில் இருக்க வேண்டும். பதினோரு நாள் அராவியது அந்த இரண்டு நொடியில் நிற்கிறது.

எண்ணெய் என்றால் கடலை எண்ணெய், மூன்று லிட்டர், உயரமான இரும்புப் பாத்திரத்தில். தண்ணீர் இன்னும் வேகமாகக் குளிரவைக்கும், மெலிசான கத்தி அதில் பிளந்துவிடும். எண்ணெயும் ஆறிக் கெட்டியாக இருக்கக் கூடாது. காய்ந்த இரும்புத் துண்டு ஒன்றை முதலில் முக்கி 55 டிகிரிக்குக் கொண்டுவந்தேன். சூடான எண்ணெய் இளகி அலகோடு நன்றாக ஒட்டும். பக்கத்தில் பாத்திரத்துக்கு ஏற்ற மூடியும் ஒரு கூடை மணலும் வைத்துக்கொள்ளுங்கள், பிளாஸ்டிக் வாளி கிட்டேயே வரக் கூடாது.

"இப்ப" என்றார் தாத்தா. முனை முதலாக, நேர் செங்குத்தாக இறக்கினேன். குப்பென்று தீ கிளம்பி, அலகு முழுகியதும் அடங்கியது. வெட்டுகிற திசையில் முன்னும் பின்னும் அசைத்தேன். பக்கவாட்டில் அசைத்தால் ஒரு பக்கம் முந்திக் குளிர்ந்து வளைந்துவிடும். பத்து எண்ணி எடுத்தேன். வீடெல்லாம் பஜ்ஜி சுட்ட வாசனை. அம்மா அடுப்படி ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அரம் வழுக்கியது. ஆனால் முனைப் பக்கம் ஒரு மில்லி அளவு வளைந்திருந்தது. கையால் நேராக்கப் போனேன், தாத்தா மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். இந்த நிலையில் கத்தி கண்ணாடி மாதிரி, கீழே விழுந்தாலே உடையலாம்.

இந்தக் கண்ணாடித்தனத்தைக் குறைப்பதுதான் பதம் இறக்குவது. தாத்தா காலத்தில் தணலுக்கு மேலே காட்டி நிறம் பார்த்து இறக்கினார்கள். நான் அக்காவின் கேக் ஓவனைக் கேட்டேன். எண்ணெய் பிசுக்கைச் சுத்தமாகக் கழுவி, ஒரு பக்கம் பளபளப்பாகத் தேய்த்து, 200 டிகிரியில் ஒரு மணி நேரம். வெளியே வரும்போது புது வைக்கோல் நிறம் படிந்திருந்தது. சமையல் கத்திக்கு அந்த நிறம் போதும். இன்னும் சூடு ஏற ஏறக் கருவைக்கோல், ஊதா, நீலம் என்று போகும். நீலம் வந்தால் ஸ்பிரிங்குக்கு நல்லது, கத்திக்குக் கூர் நிற்காது. ஒரு மணி நேரத்துக்குப் பிறகு கொஞ்சம் இளகியிருக்கும் என்பதால் இரண்டாம் சுற்றில் வளைவைச் சரிசெய்தோம். நேரான ஒரு தடித்த இரும்புப் பட்டையோடு கத்தியைக் கிளாம்ப் போட்டு, வளைவு இருந்த இடத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை நடுவில் கொடுத்து, எதிர்ப்பக்கம் சற்று அதிகமாக வளையும்படி இறுக்கி, மறுபடி 200 டிகிரி, ஒரு மணி நேரம். ஆறி எடுத்தபோது நேராகிவிட்டது.

கெட்டியான பிறகு அரம் உதவாது. கருங்கல்லின்மேல் உப்புத்தாளை ஒட்டி, தண்ணீர் தெளித்து, 120, 220, 400 என்று தேய்த்து இறக்கினேன். கிரைண்டரில் வைத்தால் சீக்கிரம் முடியும். ஆனால் வாய் ஒரு தடவை நீலமாகிவிட்டால் அந்த இடத்தில் பதம் போயிற்று, மறுபடி முதலிலிருந்துதான் வர வேண்டும்.

பிடிக்கு மரம் தாத்தா கொடுத்தார். பட்டறைக்கு மேலே நின்ற அந்தப் புளியமரத்தின் வைரம். மரத்தை வெட்டிய அன்று ஒரு கட்டையைக் கேட்டு வாங்கிவந்து மாட்டுக் கொட்டகையில் போட்டு வைத்திருந்திருக்கிறார், இத்தனை வருடமும். வெளிப்பக்கம் மஞ்சளாக இருக்கும் மரம், நடுவில் கருஞ்சிவப்பு. இரும்பை அறுத்ததுபோலவே அறுக்க வேண்டியிருந்தது. இரண்டு பக்கத் தகடுகள், 5 மில்லி பித்தளைக் கம்பி மூன்று துண்டு, அரால்டைட். ஒட்டுகிற பக்கத்தை வழவழப்பாக்கக் கூடாது, கொஞ்சம் சொரசொரப்பு வேண்டும். ஒரு நாள் முழுக்கக் கிளாம்பில் இருந்தது. அப்புறம் ஆளிவிதை எண்ணெய் தேய்த்தேன். அந்த எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவைத்த பிறகு எறியுங்கள்.

சாணைக்கல்லில் வாயை ஒரு பக்கம் தேய்த்துக்கொண்டே போனால், மறுபக்கத்தில் நகத்தில் தட்டுப்படுகிற மாதிரி மெல்லிய பிசிறு எழும்பும். நீளம் முழுக்க எழும்பினால்தான் மறுபக்கம் போக வேண்டும். கடைசியில் பழைய தோல் பெல்ட்டில் இழுத்துப் பிசிறை எடுத்தேன். தக்காளியின் மேல் வைத்து அம்மா இழுத்தார், அழுத்தவில்லை. தோல் பிரிந்தது.

அது மே மாதம். வீட்டில் பெங்களூரா வந்து குவிகிற நேரம், வெளியூரில் கிளிமூக்கு என்பார்களே அந்தக் காய். ஊறுகாய்க்கு நறுக்கிக்கொண்டிருந்த அம்மா கூப்பிட்டார். அலகு கறுத்துப் போயிருந்தது, மாங்காய்த் துண்டின் ஓரத்திலும் கறுப்பு. இது எவர்சில்வர் இல்லை, புளிப்பு பட்டால் கறுக்கும். நறுக்கியதும் துடைக்க வேண்டும், ஈரத்தோடு வைக்கக் கூடாது. சில வாரத்தில் நீலமும் சாம்பலுமாக ஒரு படலம் படிந்துவிட்டது. அது படிந்த பிறகு துருவும் குறைவு, காயில் கறுப்பும் ஏறுவதில்லை. ராத்திரி அலம்பித் துடைத்து ஒரு சொட்டு நல்லெண்ணெய் தடவி வைக்கிறார் அம்மா.

எண்ணெய் தடவுவதைப் பார்க்கும்போது தகடூர் அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவை நினைவுக்கு வருவார். தொண்டைமானின் ஆயுதங்கள் பீலி சூட்டி, மாலை போட்டு, நெய் பூசிக் காவலுள்ள வீட்டில் அழகாக இருக்கின்றன, எங்கள் மன்னனுடையவை நுனி முறிந்து கொல்லனின் சின்னக் கொட்டிலில் கிடக்கின்றன என்றார் ஔவை. எல்லோரும் அதில் அதியமானின் வீரத்தைப் பார்ப்பார்கள். நான் இப்போது அந்தக் கொட்டிலைத்தான் பார்க்கிறேன். எங்கள் தருமபுரிச் சீமையில், அன்றைய தகடூரில், முறிந்த முனைகளை வரிசையாக வைத்துக்கொண்டு, பொழுது சாய்வதற்காகக் காத்திருந்த அந்தக் கொல்லரை.

இரண்டு மாதம் புழங்கிய பிறகு கத்தியைத் தாத்தாவிடம் எடுத்துப் போனேன். அலகை நகத்தால் சுண்டி, காதருகே வைத்துக் கேட்டார். வாயை வெளிச்சத்துக்குக் காட்டிப் பார்த்தார். பிடியைத் தடவிப் பார்த்து, "நம்ம மரம்" என்றார். அப்புறம் என்னைக் கேட்டார்:

"உங்கம்மா முதுகு மேல விரல் வெக்கறாங்களா?"

"ஆமாங்க தாத்தா."

"ஓரம் கூரா இருக்கு பாரு. விரல்ல தழும்பு விழும். மழுக்கிக் குடு."

வீட்டுக்கு வந்து அம்மாவின் ஆள்காட்டி விரலைத் திருப்பிப் பார்த்தேன். நடுக்கணுவுக்குக் கீழே கோடு மாதிரி சிவந்து காய்த்திருந்தது. "இது ஒண்ணும் வலிக்கல" என்று கையை இழுத்துக்கொண்டார். கத்தியை வாங்கித் திண்ணையில் உட்கார்ந்து, பழக்கத்தில் அரத்தை எடுத்து முதுகில் வைத்து ஒரு தள்ளு தள்ளினேன். வழுக்கிக்கொண்டு போயிற்று, ஒரு கீறல் விழவில்லை. அரத்தை வைத்துவிட்டு, உப்புத்தாளை நீளமாகக் கிழித்து, செருப்புக்கு பாலிஷ் போடுவதுபோல முதுகின் குறுக்கே இரண்டு கையாலும் மாற்றி மாற்றி இழுக்க ஆரம்பித்தேன். உள்ளே பலகையில் பாதி நறுக்கிய வாழைக்காய் இருந்தது. அம்மா வாசற்படியில் நின்றுகொண்டு, "ஆச்சா கண்ணு?" என்றார்.